கடவுளை நம்பாதவரிடம் அறம் உண்டா?

சைவ சமய பாடம்: பெற்றோருக்கும் மேல்வகுப்பு மாணவருக்கும்

சுவிற்சர்லாந்தில் பிறந்து வளரும் எமது பிள்ளைகள் சமய வகுப்புகளிலே கேட்கும் கேள்விகள் பல, ஊரில் நாம் படித்த காலத்தில் எவரும் கேளாதவை. திருநீறு ஏன் மூன்று குறியாக இடுகின்றோம், கொடிமரம் எதனைக் குறிக்கும் என்று கேட்டால் விடை நூல்களில் இருக்கிறது, எடுத்துச் சொல்லிவிடலாம். "என் தோழியின் வீட்டில் ஒருவரும் கடவுளை நம்புவதில்லை. ஆனாலும் அவர்கள் பொய் சொல்வதில்லை, எல்லோருக்கும் உதவி செய்கிறார்கள். அப்படியென்றால் நல்லவராக இருப்பதற்குக் கடவுள் எதற்கு?" என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளை கேட்கும்போதுதான் பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கின்றனர். இம்முறைப் பாடத்திற்கு அந்தக் கேள்வியையே எடுத்துக்கொள்வோம்.

இது ஏதோ ஒரு பிள்ளையின் குறும்புக் கேள்வி அன்று. 1970ஆம் ஆண்டிலே சுவிஸ் மக்களில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவரே தமக்குச் சமயம் இல்லை என்று பதிந்தனர். 2022ஆம் ஆண்டுப் புள்ளிவிபரத்தின்படி சமயம் சாராதோர் ஏறக்குறைய 34 வீதம். கத்தோலிக்கரையும் தாண்டி அவர்களே முதலிடத்தில் நிற்கின்றனர். ஜேர்மன் மொழி பேசும் மாநிலங்களின் பொதுப் பாடத்திட்டமாகிய 'லேர்ப்ளான் 21' அறவியல், சமயங்கள், சமூகம் ஆகியவற்றை ஒரே பாடப் பரப்பாகச் சேர்த்துக் கற்பிக்கிறது. அங்கே ஆசிரியர் எச்சமயத்தையும் போதிப்பதில்லை; நன்மை தீமையைப் பிள்ளைகளோடு சேர்ந்து ஆராய்கிறார். அதற்கும் மேலே, சுவிஸ் குடியியற் சட்டக்கோவையின் 303ஆம் உறுப்புரையின்படி பதினாறு வயது நிறைந்த பிள்ளை தன் சமயத்தைத் தானே தீர்மானிக்கலாம். தாய் தந்தையர் கையைப் பிடித்துக் கோயிலுக்கு அழைத்து வருவது அதுவரைக்கும்தான். அதன்பின் பிள்ளை வருமா இல்லையா என்பது, இத்தகைய கேள்விகளுக்கு நாம் நேர்மையாக விடை சொன்னோமா என்பதையும் பொறுத்தது.

வழமையாக இரண்டு விடைகள் சொல்லப்படுகின்றன. ஒன்று, "அவர்கள் வெளியே இல்லை என்றாலும் உள்ளே நம்பிக்கை இருக்கும்" என்பது. மற்றவரின் மனதை அவரைக் கேளாமலே நாம் தீர்மானிப்பது மரியாதை ஆகாது. மற்றது, "சாமி இல்லை என்பவர்களுக்குப் பயம் இல்லை, அவர்கள் கடைசியில் கெட்டுத்தான் போவார்கள்" என்பது. இதிலே பெரிய ஆபத்து இருக்கிறது. பிள்ளை தன் தோழியையும் தோழியின் தாயாரையும் தினமும் பார்க்கிறது. நாம் சொன்னது பொய் என்று அதற்குத் தெரிந்துவிடும். தெரிந்தவுடன், தோழியைப் பற்றிச் சொன்னதை மட்டும் தள்ளாது. கடவுளைப் பற்றிச் சொன்னதையும் சேர்த்தே தள்ளிவிடும்.

ஆகவே கேள்வியைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். நல்லது கெட்டது என்ற உணர்வு மனிதனுக்கு எங்கிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி. அந்த உணர்வுக்கு நான் ஏன் கட்டுப்பட வேண்டும் என்பது இன்னொன்று. செய்த நன்மை தீமைக்குப் பயன் வந்து சேருகிறதா, சேர்ப்பவர் யார் என்பது மூன்றாவது. இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் விவாதம் சண்டையில் முடிகிறது.

முதற் கேள்வியை இந்நாட்டிலேயே பலர் ஆராய்ந்துள்ளனர். நொசத்தல் நகரில் 1896இல் பிறந்த ஜோன் பியாஜே என்னும் அறிஞர் 1932இல் பிள்ளைகளின் அறவுணர்வு பற்றி ஒரு நூல் எழுதினார். அதற்காக அவர் தேவாலயத்துக்கும் போகவில்லை, நீதிமன்றத்துக்கும் போகவில்லை. ஜெனீவாவிலும் நொசத்தலிலும் தெருவில் போளை அடித்து விளையாடிய சிறுவர்களிடம் போய், "இந்த விளையாட்டின் விதி என்ன? யார் போட்டது? மாற்றலாமா?" என்று கேட்டார். சிறியவர்கள், விதி பெரியவர்களிடமிருந்து வந்தது, அதைத் தொடக்கூடாது என்றனர். பத்து, பதினொரு வயதினரோ, எல்லோரும் சம்மதித்தால் மாற்றலாம், ஆனால் சம்மதித்தபின் ஏமாற்றக்கூடாது என்றனர். சமவயதினரோடு கூடி விளையாடி, சண்டை பிடித்து, சமாதானமாகும் போதுதான் நியாயம் என்பது பிள்ளையின் சொந்தச் சொத்தாகிறது என்பது பியாஜேயின் முடிவு.

அதே நூலில் எமக்கு மிக வேண்டிய ஒரு சோதனை உண்டு. ஒரு கதை சொல்கிறார்: இரண்டு சிறுவர்கள் அப்பிள் களவெடுக்கிறார்கள். காவலர் வருகிறார். ஒருவன் பிடிபடுகிறான். மற்றவன் ஓடித் தப்பி, உக்கிப்போன ஒரு பாலத்தைக் கடக்கையில் பாலம் முறிந்து நீருள் விழுகிறான். களவெடுக்காமல் வந்திருந்தால் அவன் விழுந்திருப்பானா? ஆறு வயதினரில் மிகப் பெரும்பாலோர், விழுந்திருக்க மாட்டான், களவெடுத்ததால்தான் பாலம் முறிந்தது என்றனர். பதினொரு, பன்னிரண்டு வயதினரில் அப்படிச் சொன்னோர் மூன்றில் ஒரு பங்கினர் அளவே. மற்றவர்கள், பாலம் உக்கியிருந்தது, யார் ஏறினாலும் முறியும் என்றனர். "சாமி கண்ணைக் குத்தும்" என்று நாம் சொல்லும் வார்த்தை ஆறு வயதுப் பிள்ளையிடம் ஏன் நன்றாக வேலை செய்கிறது, பன்னிரண்டு வயதில் ஏன் அந்தப் பிள்ளையே சிரிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை. அந்த ஒரு வார்த்தையையே அறத்தின் அத்திவாரமாகப் போட்டுவிட்டால், பிள்ளை வளர வளர அத்திவாரம் கழன்றுவிடும்.

சூரிச் பல்கலைக்கழகத்தில் ஏர்ன்ஸ்ட் பேர் என்னும் பொருளியல் பேராசிரியரும் அவருடைய கூட்டாளிகளும் செய்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. மூன்று முதல் எட்டு வயது வரையான சுவிஸ் பிள்ளைகளிடம் இனிப்புகளைக் கொடுத்து, "இரண்டையும் நீ எடுக்கலாம், அல்லது ஆளுக்கொன்றாகப் பங்கிடலாம்" என்றனர். மூன்று நான்கு வயதினரில் பங்கிட்டவர் பத்தில் ஒருவர் கூட இல்லை. ஏழு எட்டு வயதினரில் ஏறக்குறையப் பாதிப்பேர் பங்கிட்டனர். பார்த்துக்கொண்டிருப்பவர் எவர், தண்டனை என்ன என்ற பேச்சே அங்கில்லை. பெரியவர்களிடமும் இப்படித்தான். முன்னர் 2002இல் வெளிவந்த ஓர் ஆய்விலே, பொதுப் பணத்துக்குப் பங்கு போடாமல் ஏய்ப்பவரைத் தண்டிப்பதற்காக மற்றவர்கள் தம் சொந்தப் பணத்தையே செலவிட்டனர். அந்த ஏய்ப்பவரை மறுமுறை சந்திக்கப் போவதில்லை என்று தெரிந்தும் செலவிட்டனர். நீதி கெடுவதைப் பார்த்துப் பொறுக்காத ஏதோ ஒன்று மனிதனின் இயல்பிலேயே இருக்கிறது.

ஆய்வு வேண்டாம், கண்ணால் காணவேண்டும் என்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிராமப்புறம் போய்வரலாம். தோட்ட வாசலிலே முட்டை, உருளைக்கிழங்கு, அப்பிள் எல்லாம் அடுக்கியிருக்கும். விற்பவர் இருக்கமாட்டார். விலை எழுதிய மட்டையும் ஒரு சிறிய காசுப்பெட்டியும் மட்டும் இருக்கும். வருபவர்கள் எடுத்துக்கொண்டு காசைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். அப்படிப் போடுபவர்களில் கோயிலுக்குப் போகிறவரும் உண்டு, எதற்கும் போகாதவரும் உண்டு.

ஆனால் சூரிச் ஆய்வில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் பாடம் அரைகுறையாகிவிடும். பங்கு பெறும் மற்றப் பிள்ளை தன் பாடசாலைப் பிள்ளை என்றால் பங்கிடும் மனம் கூடியது. வேறு பாடசாலைப் பிள்ளை என்றால் குறைந்தது. இயற்கை எமக்குத் தந்திருக்கும் அறவுணர்வுக்கு ஒரு வேலி உண்டு. என் வீடு, என் ஊர், என் ஆட்கள் என்று அது வளைத்துக் கட்டிக்கொள்கிறது. (எமது ஊர்ச் சங்கங்களின் கணக்கறிக்கைகளைப் புரட்டினால் இதற்கு வேறு சான்று வேண்டாம்.) அந்த வேலியைத் தாண்ட வைப்பது எது? சமயம்தான் என்று உடனே சொல்ல வாய் வரும். சொல்வதற்கு முன் 1968ஆம் ஆண்டை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அவ்வாண்டு மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலே, சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்ட மக்கள் உள்ளே சென்று வழிபட உரிமை கேட்டுச் சத்தியாக்கிரகம் இருந்தனர். சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இலேயே நிறைவேறியிருந்தது. இருந்தும் வாசல் மறிக்கப்பட்டது. மறித்து நின்றவர்கள் நாத்திகர்கள் அல்லர். திருநீறு பூசி, தேவாரம் ஓதி, விரதம் பிடித்த சைவர்கள். ஒதுக்கப்பட்ட மக்களுக்காகக் குரல் கொடுத்து, தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கமாக 1967 முதல் போராடியவர்களிலே பலர் பொதுவுடைமைவாதிகள். கடவுள் உண்டு என்பதை ஏற்காதவர்கள், கடவுளிடம் போகும் உரிமைக்காக அடிபட்டார்கள்! வேலியை அங்கே கட்டியவர் யார், உடைத்தவர் யார் என்று எமது பிள்ளைகள் கேட்டால் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். இறைநம்பிக்கை இருந்தால் அறம் தானாக வந்துவிடும் என்ற எண்ணத்துக்கு எங்கள் சொந்த வரலாறே மறுப்பாக நிற்கிறது.

இன்னொருவரையும் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள்: டாக்டர் ஆபிரகாம் கோவூர். கேரளத்தில் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிலும் பின்னர் கொழும்பு தேர்ஸ்ரன் கல்லூரியிலும் தாவரவியல் கற்பித்தவர். இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவர். மத்திய கல்லூரியில் ஒருமுறை அவரிடம் விவிலிய பாடத்தைக் கொடுத்தார்களாம். மாணவர் எல்லோரும் பரீட்சையில் அதிவிசேட சித்தி பெற்றார்கள், ஆனால் எல்லோருக்கும் நம்பிக்கை போய்விட்டது, அடுத்த ஆண்டு அப்பாடம் அவருக்குக் கிடைக்கவில்லை என்று ஒரு கதை சொல்வார்கள். பேய் பிடித்ததென்று அழைத்து வரப்பட்டவர்களுக்கு உளவழிச் சிகிச்சை செய்தவர். 1978இல் அவர் இறந்தபோது, அவருடைய விருப்பப்படி கண்கள் கண்வங்கிக்கும் உடல் மருத்துவ மாணவரின் படிப்புக்கும் கொடுக்கப்பட்டன. மறுமை இல்லை என்று வாழ்நாள் முழுவதும் வாதிட்ட ஒருவர் தன் கண்களை யாருக்கோ கொடுத்துவிட்டுப் போனார். புண்ணியம் சேரும் என்று அவர் அதைச் செய்திருக்க முடியாது.

இதைக் கேட்டு எமது முன்னோர் வியந்திருக்க மாட்டார்கள். புறநானூற்றின் 134ஆம் பாடலிலே உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், ஆய் அண்டிரன் என்னும் வள்ளலைப் பாடுகிறார். இப்பிறப்பில் கொடுத்தால் மறுபிறப்பில் கிடைக்கும் என்று கணக்குப் பார்த்து அறத்தை விலைபேசும் வியாபாரி அல்லன் இவன்; சான்றோர் போன வழி இது என்பதற்காகவே கொடுக்கிறான் என்பது அப்பாடலின் கருத்து. வள்ளுவரும் ஈகை அதிகாரத்தில், மேலுலகம் என்று ஒன்று இல்லையென்று சொன்னாலும் கொடுப்பதே நல்லது என்கிறார். கடவுள் வாழ்த்தோடு தொடங்கிய அதே நூலில், அறன் வலியுறுத்தல் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். அங்கே அறத்துக்கு அளவுகோலாக நிற்பது மாசற்ற மனம். கடவுளின் கட்டளை என்ற காரணம் காட்டப்படவில்லை. நாலடியாரைத் தந்தவர்கள் சமணர்கள். மணிமேகலை பௌத்த காப்பியம். உலகைப் படைத்த ஒரு கடவுளை இவ்விரு சமயமும் ஏற்பதில்லை. ஆயினும் பசித்தவருக்குச் சோறிடுவதன் பெருமையை மணிமேகலையைப் போலப் பாடிய தமிழ்க் காப்பியம் வேறொன்றில்லை.

அப்படியானால் சைவ சித்தாந்தம் என்ன சொல்கிறது? இங்கேதான் நாம் மெதுவாகப் படிக்க வேண்டும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருள்நந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரை இயற்றினார். அதன் முதற் பகுதியாகிய பரபக்கம், கடவுள் இல்லை என்னும் உலோகாயதர் தொடங்கிப் பதினான்கு பிற மதங்களை எடுத்துப் பேசுகிறது. ஒவ்வொரு மதத்தையும் அதன் வாயாலேயே சொல்லவிட்டுப் பின்னரே மறுக்கிறார். எதிர்த்தரப்பை இழிவாகச் சித்திரித்து வெல்லும் வழக்கம் அவரிடம் இல்லை. இன்றைய எமது மேடைப் பேச்சாளர்கள் சிலர் இதைக் கவனிக்கலாம். அந்தப் பதினான்கினுள் அறம் இல்லை என்றவர் சிலரே. பௌத்தரும் சமணரும் அறத்தை வற்புறுத்தினர். வேள்வி முதலிய வினைகளைப் போற்றிய மீமாஞ்சகரோ, வேதத்தை முழுமையாக ஏற்றும் வினைக்குப் பயன்தர ஒரு கடவுள் தேவையில்லை என்றனர். செயல் முடிந்தாலும் 'அபூர்வம்' என்னும் ஓர் ஆற்றலாய் நின்று அது தானே பயன் கொடுக்கும் என்பது அவர் கொள்கை.

அருள்நந்தியார் இவர்களைப் பார்த்து, "நீங்கள் ஒழுக்கம் கெட்டவர்கள்" என்று சொல்லவில்லை. அவர் எழுப்பிய கேள்வி வேறு. வினை என்பது சடம், அதற்கு அறிவில்லை. செய்து முடிந்ததும் அழிந்துபோவது. அழிந்துபோன, அறிவில்லாத ஒன்று, செய்தவனைத் தேடிக் கண்டுபிடித்து, உரிய காலத்தில் உரிய அளவில் பயனைக் கொடுப்பது எப்படி? உயிரும் தானே தன் வினைப்பயனைத் தேர்ந்தெடுத்து அனுபவிப்பதில்லை. தேர்ந்தெடுக்க விட்டால் துன்பத்தை எவர் எடுப்பார்? ஆகவே அறிந்து ஊட்டுகின்ற ஒரு பேரறிவு வேண்டும் என்றார். மேலே நாம் பிரித்த மூன்று கேள்விகளில் இது மூன்றாவது. அறவுணர்வு எப்படித் தோன்றியது என்ற முதற் கேள்விக்குப் பியாஜேயின் போளை விளையாட்டு விடை சொல்வதால் சித்தாந்தத்துக்கு ஒரு நட்டமும் இல்லை. சித்தாந்தம் தன் வழக்கை அந்த இடத்தில் வைக்கவே இல்லை.

சுபக்கத்தின் இரண்டாஞ் சூத்திரத்தில் ஒழுக்கம், அன்பு, அருள், வாய்மை, தவம், தானம், வணக்கம் என்று ஆசிரியர் நற்பண்புகளை அடுக்குகிறார். அடுக்கிவிட்டு, குற்றமற்ற இந்த அறங்களே இரங்குகின்றவனாகிய இறைவனின் பணி என்கிறார். இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். கிரேக்க நாட்டு அறிஞர் பிளேட்டோ தம் நூல் ஒன்றில் சோக்கிரதீசின் வாயிலாக ஒரு கேள்வி கேட்டார்: கடவுள் விரும்புவதால் ஒன்று நல்லதாகிறதா, நல்லதாக இருப்பதால் கடவுள் அதை விரும்புகிறாரா? முதலாவது சரியென்றால், கடவுள் நாளைக்கே கொலையை விரும்பினால் கொலையும் நல்லதாகிவிடும். இரண்டாவது சரியென்றால் நன்மை கடவுளுக்கு வெளியே நிற்கிறது. சித்தியாரின் வார்த்தை இதற்குள் அகப்படாமல் போவதாக எனக்குப் படுகிறது. பணி இடுபவன் யார் என்று சொல்லும்போது, வல்லமையைச் சொல்லி அவனை அறிமுகம் செய்யவில்லை. இரக்கத்தைச் சொல்லி அறிமுகம் செய்கிறார். இரக்கமே அவன் இயல்பு. அந்த இயல்புக்கு மாறான கட்டளை அவனிடமிருந்து பிறக்க வழியில்லை.

ஆயினும் அதே சூத்திரத்தில் எம்மைச் சங்கடப்படுத்தும் ஒரு பாடலும் உண்டு. அதை மறைத்துவிட்டுப் பாடம் நடத்துவது சரியன்று. மேல்வகுப்பு மாணவர் எப்படியும் படிக்கத்தான் போகிறார்கள். சிவனடிக்கு அன்பர் செய்யும் பாவமும் அறமாகும், அன்பில்லாதார் செய்யும் புண்ணியமும் பாவமாகும் என்று அப்பாடல் சொல்கிறது. தக்கன் செய்த பெருவேள்வி தீமையாய் முடிந்ததையும், சிறுவராகிய சண்டேசுரர் தந்தையின் காலை வெட்டிய பாதகம் நன்மையாய் முடிந்ததையும் சான்று காட்டுகிறது. அப்படியானால் கோவூர் கண் கொடுத்தது பாவமா? தோழியின் தாயார் அகதிகளுக்கு மொழி சொல்லிக் கொடுப்பது பாவமா?

சான்றாகக் காட்டப்பட்டவனைப் பார்த்தால் பாடலின் எல்லை தெரியும். தக்கன் கடவுளை அறியாதவன் அல்லன். அறிந்தும், தன் செருக்கினால் அவமதிக்கவென்றே வேள்வி செய்தவன். வேள்வி என்ற பெயரில் அவன் வளர்த்தது தன்னைத்தான். 'அன்பில்லாதார்' என்று ஆசிரியர் கண்டிப்பது இந்தச் செருக்கையே என்று கொள்ள இடமிருக்கிறது. தன் பெயர் கல்வெட்டில் வரவேண்டும் என்று கோயிலுக்குக் கொடுப்பவர் தக்கனுக்குக் கிட்ட நிற்கிறார். பெயரே சொல்லாமல் காசுப்பெட்டியில் காசு போட்ட நாத்திகர் தூரத்தில் நிற்கிறார். சண்டேசுரர் விடயம் இன்னும் கடினமானது. பூசையில் தம்மையே மறந்திருந்த ஒரு சிறுவர் முன்னே கிடந்த கோலை எடுக்க அது மழுவாயிற்று என்பது புராணம். அதை எவரும் பின்பற்றத்தக்க விதியாகச் சைவம் ஒருநாளும் வைக்கவில்லை. இருந்தாலும், "கடவுளுக்காகச் செய்தேன்" என்று சொல்லிவிட்டால் எதுவும் அறமாகும் என்று இப்பாடலை எவராவது பயன்படுத்தினால், நாம் அங்கே இடையில் மறித்து, இரங்குவான் பணி எது என்று கேட்கவேண்டும். உலகில் சமயத்தின் பெயரால் நடக்கும் கொடுமைகளைப் பார்க்கிறவர்களுக்கு இந்த எச்சரிக்கை ஏன் என்று விளங்கும்.

இனி, நம்பாதவரும் நல்லவராகலாம் என்றால், நமக்குக் கடவுள் எதற்கு என்ற மூலக் கேள்விக்கு வருவோம். மெய்கண்டாரையும் அருள்நந்தியாரையும் பற்றிய ஒரு வரலாறு இங்கே துணை செய்யும். சகலாகம பண்டிதர் என்று பெயர் பெற்றிருந்த முதியவராகிய அருள்நந்தியார், இளம் வயதினரான மெய்கண்டாரிடம் வந்து, "ஆணவ மலத்தின் சொரூபம் எப்படி இருக்கும்?" என்று கேட்டாராம். மெய்கண்டார் ஒன்றும் பேசாமல், கேட்டவரையே தலை முதல் கால் வரை பார்த்துச் சுட்டிக் காட்டினாராம். படித்தவர், ஒழுக்கமுள்ளவர், ஆசாரியர் குலம். அவரிடம் என்ன குறை? 'நான்' என்ற ஒன்றே குறை. அந்தக் கணத்தில் அவர் அடியில் விழுந்து மாணாக்கரானார்.

நல்லொழுக்கத்தோடு இந்த 'நான்' கூடவே வளரக்கூடியது. நான் நல்லவன், நான் கொடுத்தவன், எங்கள் சாதி ஒழுக்கமான சாதி, எங்கள் சமூகம் இந்நாட்டில் உழைத்து முன்னேறிய சமூகம் என்று அது நன்மையையே தின்று கொழுக்கும். மாவிட்டபுரம் வாசலை மறித்ததும் இதுவே. சூரிச் ஆய்வில் ஏழு வயதுப் பிள்ளையின் இனிப்பைச் சுற்றி வேலி போட்டதும் இதன் சிறு முளைதான். சைவத்திலே இறைவன் ஒழுக்கத்துக்குக் காவற்காரனாக நிற்கும் இடம் மிகச் சிறியது. பெற்றோர் பிள்ளையை வளாரினால் அடிப்பதும் பரிவினாலேயே என்று சித்தியார் ஓர் உவமை சொல்வது உண்மைதான். (வளார் உவமையை இந்நாட்டுப் பாடசாலையில் சொல்லிப் பார்க்க வேண்டாம்!) ஆனால் அவன் செய்யும் பெரிய வேலை ஆணவத்தைக் கரைப்பது. அதை உயிர் தானே செய்துகொள்ள முடியாது, தன் தோளில் தானே ஏறி நிற்க முடியாதது போல. எனவேதான் அருள் என்கிறோம். நம்பாத அன்பர் ஒருவர் இதை ஏற்கமாட்டார். தியானத்தாலோ நண்பர்களாலோ வயதாலோ அது கரையும் என்பார். அவரோடு அமர்ந்து பேசலாம். பேர்ண் நகரில் 2014இல் திறக்கப்பட்ட சமயங்களின் இல்லம் போன்ற இடங்களில் அப்படிப்பட்ட பேச்சுக்கு மேசையும் தேநீரும் ஆயத்தமாகவே இருக்கின்றன.

வினைப்பயனைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இமானுவேல் கான்ட் என்னும் ஜேர்மானிய அறிஞர் 1788இல் வெளியிட்ட நூலில், அறத்துக்குக் கட்டுப்படக் கடவுள் நம்பிக்கை தேவையில்லை, மனிதனின் பகுத்தறிவே போதும் என்றார். அதே நூலில், நல்லவன் துன்பப்பட்டே சாகும் உலகில், நன்மையும் இன்பமும் என்றாவது ஒன்றுசேரும் என்று நம்புவதற்குக் கடவுளை ஏற்க வேண்டியிருக்கிறது என்றும் சொன்னார். அருள்நந்தியார் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் நின்ற இடத்துக்கு அவர் வேறு வழியால் வந்து சேர்கிறார். எமது மக்களுக்கு இது ஏட்டுக் கேள்வி அன்று. 1983இலும் 2009இலும் இழந்தவர்களுக்கு எந்த நீதிமன்றமும் நீதி சொல்லவில்லை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தோடு தெருவில் அமர்ந்த தாய், கணக்கு எங்கேயோ தீர்க்கப்படும் என்று நம்புவதற்கு உரிமை உடையவள். ஆனால் அதே வினைக் கொள்கையைத் திருப்பிப் பிடித்து, "முள்ளிவாய்க்காலில் செத்தவர்கள் முற்பிறப்பில் என்ன செய்தார்களோ" என்று பேசுபவரும் எம்மிடையே உண்டு. இப்பேச்சு சைவத்துக்கு அடுத்ததன்று. எவருடைய வினை எது என்று அறிந்து ஊட்டுபவன் இறைவன் என்று சொன்ன அதே சாத்திரம், அதை அறியும் வேலையை எமக்குத் தரவில்லை. மற்றவரின் வினைக்கணக்கைப் புரட்டப் புறப்படுபவர் தக்கனின் பந்தியில் போய் உட்காருகிறார்.

துன்பப்பட்டவரைக் கண்டால் செய்யவேண்டியது என்ன என்பதற்கு இந்நாட்டு உதாரணம் ஒன்று. 1859 யூன் மாதம் சோல்பரினோவில் போர் நடந்தபோது, ஜெனீவா வியாபாரியாகிய ஹென்றி டியூனான் தற்செயலாக அப்பக்கம் போயிருந்தார். காயப்பட்ட ஆயிரக்கணக்கானோரை எந்தப் பக்கத்தவர் என்று கேளாமல் ஊர்ப் பெண்களோடு சேர்ந்து பராமரித்தார். அதன் விளைவாக 1863இல் செஞ்சிலுவைக் குழுவும், 1864இல் முதலாவது ஜெனீவா உடன்படிக்கையும் பிறந்தன. டியூனான் ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை உடையவர். ஆனால் 1965இல் வியன்னாவில் ஏற்கப்பட்ட அவ்வியக்கத்தின் ஏழு அடிப்படைக் கொள்கைகளில் கடவுளின் பெயர் இல்லை. மனிதநேயம் முதலாவதாக நிற்கிறது. 1990களில் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையைச் சுற்றிப் பாதுகாப்பு வலயம் அமைத்துக் காத்தது அந்தக் கொடியே. அங்கே பணிபுரிந்தவர்களில் யார் நம்பினார், யார் நம்பவில்லை என்று காயப்பட்டுக் கிடந்த எமது உறவுகள் கேட்கவில்லை. சுவிஸ் அரசியலமைப்பும் இப்படித்தான். 1999 ஏப்ரல் 18இல் மக்கள் ஏற்ற அந்தச் சாசனம் எல்லாம் வல்ல கடவுளின் பெயரால் தொடங்குகிறது. 15ஆம் உறுப்புரையில் நம்பவும் நம்பாதிருக்கவும் எவருக்கும் உரிமை தருகிறது. முகப்புரையிலேயே, ஒரு மக்களின் பலத்தை அளக்கும் கோலாக எளியோரின் நல்வாழ்வை வைக்கிறது. அந்த மூன்றாவது வாசகத்துக்கு நம்புபவரும் நம்பாதவரும் சேர்ந்தே கையொப்பமிடலாம்.

பெற்றோர் வீட்டில் இதை எப்படிச் சொல்வது? சிறு பிள்ளைக்கு "சாமி கண்ணைக் குத்தும்" என்பதற்குப் பதிலாக, "நீ அடித்தபோது தம்பிக்கு நொந்தது, அதைப் பார்த்தால் சாமிக்கும் நோகும்" என்று சொல்லலாம். இது வெறும் தந்திரம் அல்ல. இரங்குவான் என்ற சொல்லின் பொருளே அதுதான். பெரிய பிள்ளையிடம், நம்பாத தோழியின் வீட்டில் கண்ட நன்மையை நாமே முதலில் பாராட்டலாம். அதைப் பாராட்டுவதால் எமது சமயத்தில் ஒரு கல்லும் பெயராது. திருமூலர், கோயிலில் உள்ள இறைவனுக்குக் கொடுப்பது மனிதரைச் சென்று சேராது, மனிதருக்குக் கொடுப்பது இறைவனைச் சேரும் என்ற கருத்தில் பாடியிருக்கிறார். அப்பாடலைக் கண்டுபிடித்துப் படிக்கும்படி மாணவரிடம் சொல்லுங்கள். நம்பாதவர் கொடுப்பதும் அங்கே போய்ச் சேருமா என்று அவர்கள் கேட்டால், அந்த விவாதத்தை நிறுத்த வேண்டாம்.

அடுத்த பாடத்தில் சண்டேசுர நாயனார் வரலாற்றை முழுமையாகப் படிப்போம். மேல்வகுப்பு மாணவர் அதற்கு முன் சித்தியார் சுபக்கம் இரண்டாஞ் சூத்திரத்தில் மேற்சொன்ன இரு பாடல்களையும் உரையோடு வாசித்து வரவேண்டும். தமிழில் கடினமாக இருந்தால் பெற்றோர் உதவலாம். வரும்போது இந்த ஒரு வினாவுக்கு விடை எழுதி வருக, ஜேர்மனிலும் எழுதலாம்: தக்கனின் வேள்விக்குப் போயிருந்தவர்களில், அவன் செய்வது பிழை என்று தெரிந்தும் பேசாமல் இருந்தவர்கள் எப்பக்கத்தவர்?